இஞ்சின் ஓடட்டும் என்று இறங்குவதற்கு முன்

(கெடா மாநிலத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், விடுமுறை, வீடு, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றித்தான் பேசவேண்டும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றின் முன்னே மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும் டிராக்டரை விட்டு டிரைவர் கீழே இறங்குகிறார். அப்போது அவர் செய்யவேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன? இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தச் சிறிய விஷயத்தில் ஒரு குடும்பத்தின் சோறு அடங்கியிருக்கிறது. அதைக் கண்ணால் கண்டபடியால்தான் பேச வந்தோம்.

கெடாவில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். பால் நிறுக்கும் கொட்டகைக்கு முன்னே இறக்கமான பாதை. பால் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்த டிராக்டர் அங்கே நின்றது. டிரைவர் இஞ்சினை நிறுத்தவில்லை. தொட்டியின் மூடியைத் திறந்துவிட இறங்கினார். அரை நிமிஷ வேலை. அவர் மூடியைத் தொடுவதற்குள் வண்டி நகர்ந்தது. முன்னே வாளிகளோடு வந்துகொண்டிருந்த ஒரு சகோதரி கால்வாயில் தள்ளப்பட்டார். சக்கரம் ஏறி அவருடைய கால் ஒடிந்தது. உயிர் பிழைத்தது பெரிது என்றார்கள். ஆனால் அந்தக் கால் இன்றும் முன்போல் நிரை நடப்பதில்லை.

“டிரைவரின் அஜாக்கிரதை” என்று ஒரே வரியில் அறிக்கை எழுதினார்கள். நாங்கள் போய் விசாரித்தோம். பாட்டரி பல வாரங்களாகச் செத்துக் கிடந்தது. இஞ்சினை நிறுத்தினால் நாலு பேர் சேர்ந்து தள்ளவேண்டும். ஆகவே அவர் நிறுத்துவதை விட்டுவிட்டார். நிறுத்திவைக்கும் பிரேக்கின் கொக்கி தேய்ந்து போயிருந்தது. இஞ்சின் அதிர அதிர அது நழுவியது. இரண்டையும் அவர் மண்டோரிடம் மூன்று முறை வாயால் சொல்லியிருந்தார். ஆனால் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. காட்டுவதற்குக் காகிதம் இல்லாதபடியால் அவருக்காக வாதாடப் போன நாங்கள் வெறுங்கையோடு நின்றோம். எச்சரிக்கைக் கடிதம் டிரைவருக்கு வந்தது. பாட்டரிக்கும் கொக்கிக்கும் யார் பொறுப்பு என்று கேட்பாரில்லை.

டிரைவர் பேரில் தவறே இல்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. அவர் தவறும் உண்டு; அதற்கு முன்னே நடந்த தவறும் உண்டு. இரண்டையும் பேசவேண்டும் என்பதே எங்கள் கட்சி.

முதலில் வண்டி ஏன் நகர்கிறது என்று பார்ப்போம். நியூட்ரலில் போட்டாயிற்று, இனி அசையாது என்று நினைக்கிறோம். நியூட்ரல் என்பது பிரேக்கு அல்ல. இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்தது என்பதுதான் அதன் பொருள். தொடர்பு அறுந்த சக்கரத்தைச் சரிவு இழுத்துக்கொள்ளும். பத்தடிக்கு ஓரடி இறங்கும் பாதையில் பிரேக்கு நழுவிய டிராக்டர் 5 வினாடியில் ஏறக்குறைய 20 அடி உருண்டுவிடும். அதை ஓடிப் பிடிக்கப் போய்ச் சக்கரத்தடியில் விழுந்தவர்கள் உண்டு. வண்டி போனால் போகட்டும், வேறொன்று வாங்கலாம். உருளும் டிராக்டரின் மேல் தாவி ஏறக்கூடாது.

பின்னால் இருக்கும் பாரத்தையும் மறக்கக்கூடாது. 500 கேலன் பால் என்றால் ஏறக்குறைய இரண்டேகால் டன் எடை. தொட்டி நிறைந்திருந்தால் பால் அடங்கி நிற்கும். பாதி தொட்டியாக இருந்தால் வண்டி நின்ற பிறகும் பால் முன்னும் பின்னும் அலை மோதும். ஒவ்வொரு மோதலும் பிரேக்கை ஒரு தள்ளு தள்ளும். இப்போது பல தோட்டங்களில் பாலுக்குப் பதில் கட்டிப்பால் ஏற்றுகிறார்கள். பல தோட்டங்கள் செம்பனையாகவே மாறிவிட்டன. குலையை ஏற்றினாலும் கட்டிப்பாலை ஏற்றினாலும் எடை எடைதான்.

பிரேக்கைப் பற்றி இன்னொன்று. டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக்கு மிதிகள் உண்டு. வயலில் சட்டென்று திரும்புவதற்காக அப்படி அமைத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு தகடு இருக்கும். சில பழைய வண்டிகளில் நிறுத்தும் கொக்கி ஒரு மிதியை மட்டுமே பிடிக்கும். தகட்டைப் போடாமல் கொக்கியை மாட்டினால் ஒரு சக்கரம்தான் பிடிபடும். மற்றது சுதந்திரமாக உருளும். பிரேக்குப் போட்டேனே என்று டிரைவர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது பொய்யல்ல. பாதி பிரேக்குப் போட்டிருக்கிறார்.

இனி, ஏன் நிறுத்தாமல் இறங்குகிறோம்? பாட்டரி கெட்டது ஒரு காரணம். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்பது இன்னொன்று. புதிய வண்டிகளில் டர்போ உள்ளபடியால், பாரம் இழுத்து வந்தவுடன் சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தவேண்டும் என்பார்கள். அது சரியே, ஆனால் அந்தச் சில நிமிஷமும் டிரைவர் ஆசனத்திலேயே உட்கார்ந்திருக்கலாமே! ஆகவே முதல் விதி: இறங்குவதானால் நிறுத்து, சாவியை எடு. பழைய டீசல் வண்டிகளில் சாவியைத் திருப்பினால் இஞ்சின் நிற்காது. நிறுத்தும் குமிழை இழுக்கவேண்டும். இஞ்சினை நிறுத்திய பின் தாழ்ந்த கியரில் போட்டு வைத்தால் அதுவும் ஒரு பிடிப்பு. இஞ்சின் ஓடும்போது இந்தப் பிடிப்பு கிடையாது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

இஞ்சின் ஓடியே தீரவேண்டிய வேலையும் உண்டு. டிராக்டரின் பலத்தால் பம்பு ஓட்டுகிறோம். மெக்கானிக் சத்தம் கேட்டுப் பழுது பார்க்கிறார். அப்போது வரிசை தவறாமல் செய்யவேண்டியவை இவை:

சமதரையில் நிறுத்துங்கள். சரிவில் இஞ்சினை ஓடவிட்டு இறங்கவே வேண்டாம். கியர்க் கம்பு இரண்டையும், அதாவது பெரிய கம்பையும் வேகம் மாற்றும் சிறிய கம்பையும், நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஆட்டிப் பாருங்கள். தேய்ந்த கம்பு நியூட்ரலில் இருப்பதுபோல் ஏமாற்றும். பின்புறத் தண்டு சுழலும் விசையை அணைத்துவிடுங்கள். தூக்கியிருக்கும் கருவியைத் தரையில் இறக்குங்கள். பிரேக்கு மிதிகளைச் சேர்த்துப் பூட்டி, அழுத்தி, கொக்கியை மாட்டுங்கள். இஞ்சின் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறையுங்கள். பிறகு கிளச்சிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். அடுத்துப் பிரேக்கிலிருந்து எடுங்கள். வண்டி நூலளவு அசைந்தாலும் இறங்காதீர்கள், இஞ்சினை நிறுத்துங்கள். அசையாவிட்டால் சுற்றிலும் பாருங்கள். குழந்தை குட்டி யாரும் இல்லை என்று கண்டபின், வண்டியைப் பார்த்த முகமாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். குதிக்காதீர்கள். இறங்கியதும் முதல் வேலை, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை.

மாட்டு வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்தவுடன் என்ன செய்வார்? சக்கரத்துக்குக் கல் வைப்பார். யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. மாடு இல்லாத வண்டிக்கே அந்த மரியாதை என்றால், நாற்பது ஐம்பது குதிரை பலத்தோடு உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிக்கு எவ்வளவு வேண்டும்!

பம்பு வேலைக்காகப் பின்தண்டை மறுபடியும் ஓடவிடும்போது அருகே போகவே கூடாது. அந்தத் தண்டு வழக்கமாக நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். வினாடிக்கு 9 சுற்று. கைலியின் ஓரமோ, முந்தானையோ, மழைச் சட்டையின் நாடாவோ சிக்கினால், “ஐயோ” என்று சொல்ல அரை வினாடி ஆகும். அதற்குள் நாலு சுற்றுச் சுற்றிவிடும். மேல் உறை இல்லாத தண்டை ஓட்ட மாட்டேன் என்று ஒவ்வொரு டிரைவரும் உறுதி எடுக்கவேண்டும். டிராக்டருக்கும் தொட்டிக்கும் நடுவே நின்று பேசும் வழக்கமும் ஒழியவேண்டும்.

கீழே நின்றபடி கையை நீட்டி இஞ்சினைக் கிளப்புவது மகா பாவம். திருப்புளியால் ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளைத் தொட்டுக் கிளப்புவது அதைவிட மோசம். கியரில் இருந்தால் வண்டி பாய்ந்து வரும். நிற்பவர் பின்சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்கிறார். 1946ல் இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் செய்யத் தொடங்கிய சாம்பல் நிறப் பெர்குசன் டிராக்டரிலேயே இதற்கு வழி செய்திருந்தார்கள். கியர்க் கம்பையே ஸ்டார்ட்டு நிலைக்குத் தள்ளினால்தான் இஞ்சின் கிளம்பும். ஆகவே கியரில் இருக்கும்போது அது கிளம்பாது. இன்றைய வண்டிகள் பலவற்றில் ஆசனத்தின் அடியில் ஒரு விசை இருக்கிறது; ஆள் எழுந்தால் அது காட்டிக்கொடுக்கும் அல்லது நிறுத்தும். நம்மில் சிலர் தொந்தரவு என்று அதைக் கம்பியால் கட்டி வைக்கிறோம். அறிவாளிகள் நமது உயிருக்காகச் செய்த பூட்டை நாமே உடைக்கலாமா?

கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிட்டு வைப்பதும் ஆகாது. அந்தப் புகையில் மணமில்லாத நச்சு வாயு இருக்கிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் திட்டமாக அறிவித்தது.

இதுவரை நம் கடமை. இனி நிர்வாகத்தின் கடமை.

1959ல் சுவீடன் தேசத்தில் புதிய டிராக்டர் ஒவ்வொன்றிலும் கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். கவிழ்ந்து சாவோர் தொகை அங்கே வெகுவாகக் குறைந்தது. டிரைவர்களை ஏசியதனால் குறையவில்லை. இயந்திரத்தைத் திருத்தியதனால் குறைந்தது. நம் நாட்டிலும் 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம், இயந்திரத்தைப் பழுதின்றி வைத்திருப்பதும் தொழிலாளிக்குப் பயிற்சி கொடுப்பதும் முதலாளியின் கடமை என்று கூறுகிறது. 2022ல் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமுலில் இருக்கிறது. கடமை தவறும் முதலாளிக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கவேண்டும். உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பி, அதை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையை விட்டு விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

“தெரிவித்தும்” என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! தெரிவித்தோம் என்பதற்கு அத்தாட்சி எங்கே? இங்கேதான் கிராணிமார்களின் உதவியை வேண்டுகிறோம். டிரைவர் காலையில் வந்து “பிரேக்கு கொக்கி நழுவுகிறது” என்றால், தேதி, நேரம், வண்டி எண், சொன்னவர் பெயர் ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் எழுதுங்கள். இரண்டு வரி போதும். துரைக்கு விரோதமான காரியம் அல்ல இது. ஒரு கொக்கியின் விலையில் பெரிய செலவைத் தடுக்கும் காரியம். எழுதத் தெரியாத டிரைவர் எழுதத் தெரிந்த மகளைக் கொண்டு எழுதிக் கொடுக்கட்டும். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினாலும் அதுவும் அத்தாட்சியே.

விபத்து நடந்துவிட்டால், அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்கு அறிவிக்கவேண்டும். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு அங்கே உதவி பெற யார் தவறு என்று நிரூபிக்கவேண்டியதில்லை. ஆகவே, “உன் தவறு, ஒன்றும் கிடைக்காது” என்று யாரேனும் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளரும் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நம்மோடு வேலை செய்யும் வங்காளத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். நம் டிராக்டர் நகர்ந்தால் யார் எந்த ஊர் என்று கேட்டு அவர்கள் மேல் ஏறப் போவதில்லை.

1946ல் இதே கெடாவில் நம் முன்னோர் தொண்டர் படை அமைத்தார்கள். துரைமாரிடம் உரிமை கேட்டார்கள். அதே மூச்சில் கள்ளை விடு என்று தம் மக்களிடமும் கேட்டார்கள். உரிமையையும் ஒழுங்கையும் ஒன்றாகக் கேட்ட பரம்பரை நாம். இன்று நாங்கள் கேட்பதும் அவ்விதமே. நிர்வாகமே, நல்ல பாட்டரியும் நல்ல பிரேக்கும் வண்டிக்கு இரண்டு முட்டுக்கட்டையும் கொடு. டிரைவர் தோழரே, அவை கொடுக்கப்பட்ட பின், இறங்குமுன் நிறுத்தும். கிராணி அவர்களே, சொன்னதை எழுதும். பால்வெட்டும் சகோதரிகளே, ஆளில்லாத வண்டி உறுமிக்கொண்டு நின்றால் அதன் முன்னே நடக்காதீர்கள். “அண்ணே, இஞ்சினை நிறுத்துங்கள்” என்று உரக்கச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் சங்கத்திடம் சொல்லுங்கள்.

நாளைக் காலைப் பெரட்டில், வண்டி எடுக்குமுன், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் போய்ப் பிரேக்குக் கொக்கியைப் பார்த்துவிட்டு வரவேண்டும். இன்றைய கூட்டத்தின் பயன் அதுவே. பாத்திகூட இல்லாத மேட்டில் கால் ஒடிந்து உட்கார்ந்திருக்கும் அந்தச் சகோதரிக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையும் அதுவே.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!