புகார் சொன்ன அன்று இரவு



நான் படித்த பள்ளிக்கு ஒருநாள் தீயணைப்பு வண்டி வந்தது. சிலிண்டரில் பிடித்த தீயை ஈரச் சாக்கு போட்டு அணைத்துக் காட்டினார்கள். கைதட்டினோம். அதே மைதானத்தில் எந்த நிறக் கயிறு கட்டியவன் எந்த மரத்தடியில் உட்காரலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், வாத்தியார்களுக்கும் தெரியும். அதற்கு ஒத்திகை எதுவும் நடந்ததில்லை.

கல்வி வளாக வன்முறையைத் தடுக்கக் காவல்துறை தயாராக இருக்கிறதா என்று பேசச் சொன்னீர்கள். 2008 நவம்பர் 12, சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரி. மாணவர்களை மாணவர்கள் அடித்தார்கள். கேமராக்கள் படம் பிடித்தன. போலீஸ் வாசலில் நின்று பார்த்தது. முதல்வர் அழைக்காமல் உள்ளே போக முடியாது என்று காரணம் சொன்னார்கள். மூன்றே மாதத்தில், 2009 பிப்ரவரி 19 அன்று, அப்போது பக்கத்திலேயே இருந்த உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் புகுந்து வழக்கறிஞர்களை அடித்ததும் இதே சென்னை போலீஸ்தான். ஒரு நீதிபதிக்கும் அடி விழுந்தது. அந்த வாசல் அவர்களைத் தடுக்கவில்லை.

கீழே விழுந்து கிடப்பவனைக் கட்டையால் அடிப்பதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் டிவியில் ஓடிய அந்தச் சில நிமிடங்களுக்கு முன்பே தேவர் ஜெயந்திச் சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்தது. அதில் கல்லூரியின் பெயர் இருந்தது, அம்பேத்கர் பெயர் இல்லை. ஜெயந்தி அக்டோபர் 30. நடுவில் இரண்டு வாரம் இருந்தது. தயாராக வேண்டியவர்கள் தயாராக அது போதாதா?

நாங்குநேரிக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட். பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர், உடன் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பள்ளியில் விசாரித்தார்கள், அவர் நடந்ததைச் சொன்னார். அன்று இரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

'தைரியமாகப் புகார் கொடு' என்றுதானே நாமும் பிள்ளைகளிடம் சொல்கிறோம்? அந்தப் பிள்ளை அதைத்தான் செய்தது. புகார் சொன்ன பிள்ளை அன்று இரவு எங்கே தூங்கும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது. ஆனால் நடைமுறையில் எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான் அந்தப் பேச்சே எழுகிறது. தலைமையாசிரியர் அறையில் வாய்மொழியாகச் சொன்னதற்கும் எஃப்.ஐ.ஆருக்கும் நடுவில் இருக்கும் இரவுக்கு யார் பொறுப்பு?

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறுக்கும் பொட்டுக்கும் தடை என்ற வரியை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் மேல்நிலைப் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதைப் பற்றி விவாதம் நடந்து நான் பார்க்கவில்லை.

களப்பணிக்குப் போகும்போது எத்தனை கேமரா என்று நான் கேட்பதில்லை. போன வருடம் சாதித் தொல்லை என்று புகார் சொன்ன பிள்ளை இப்போது எந்த வகுப்பில் படிக்கிறது என்று கேட்பேன். ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்களே" என்றார்.

அடித்தவர்கள் அங்கேயேதான் படித்துக்கொண்டிருந்தார்கள்.