கூடுதல் காசு யார் மடியில் விழுகிறது?

(கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'இயற்கை உணவைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கத் தகுமா?' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. கவிதை எழுதுகிறவனை, வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவனை, இதைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ரெண்டுமே கணக்கு பார்க்கிற வேலைதான். ஒன்றில் சொல்லுக்குக் கணக்கு, இன்னொன்றில் காசுக்குக் கணக்கு. இரண்டையும் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

முதலில் காசு. எங்க ஊருக்குப் பக்கத்து டவுனில் இயற்கை அங்காடி ஒன்று வந்திருக்கிறது. மளிகைக் கடையில் பொன்னி கிலோ 60 ரூபாய். அங்கே கருப்புக்கவுனி 180 ரூபாய். தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் சந்தை விலைக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் நாளுக்கு 300, 350 வாங்குகிற எங்க பெரியம்மா வீட்டில் ஐந்து பேர். மாதத்துக்கு 40 கிலோ அரிசி வேணும். அந்தக் கடையில் வாங்கினால் அரிசிக்கு மட்டும் 7200 ரூபாய். அவங்களுக்கு மாசத்தில் பதினைந்து நாள் வேலை கிடைத்தால் பெரிசு. அந்தக் கூலி 5250ஐத் தாண்டாது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறதால் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. ஆக, 'வாங்கத் தகுமா' என்ற கேள்வி அந்த வாசல் பக்கமே வருவதில்லை. அது வந்து நிற்பது என்னைப்போல மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் தலைமுறையிடம். நம்ம ஆட்களில் பலருக்கு அது ஒரு குற்ற உணர்வாகவே வந்து நிற்கிறது. 'புள்ளைக்கு விஷத்தையா ஊட்டுறீங்க' என்று பக்கத்து மேசைக்காரர் கேட்கிறார். நாம் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறோம்.

பதில் இருக்கிறது. தின்கிறவன் உடம்புக்கு இதனால் என்ன நன்மை என்று உலகத்தில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இயற்கை முறையில் விளைந்ததில் சத்து அதிகம் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆனால் பூச்சிக்கொல்லியின் எச்சம், சாதாரண விளைபொருள் மாதிரிகளில் நூற்றுக்கு 38இல் தென்பட்டது. இயற்கை விளைபொருளில் 7இல். இரண்டிலும் அனுமதித்த அளவைத் தாண்டியது அபூர்வம். 2014இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பு, 343 ஆய்வுகளை வைத்து, இயற்கைப் பயிரில் சில நல்ல கூறுகள் கூடுதல், காட்மியம் என்கிற நச்சு உலோகம் குறைவு என்று சொன்னது. புற்றுநோய்க்கு வருவோம். 2014இல் பிரிட்டனில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இயற்கை உணவு உண்டவர்களுக்கு மொத்தத்தில் புற்றுநோய் குறையவில்லை. 2018இல் பிரான்சில் சுமார் 69,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில் நூற்றுக்கு 25 குறைந்தது. ஆனால் இயற்கை உணவை அதிகம் வாங்கினவர்கள் வசதியானவர்கள், காய்கறி அதிகம் தின்பவர்கள். எது எதனால் வந்தது என்று பிரிப்பது லேசு இல்லை.

அப்புறம், இயற்கை என்றால் எதுவுமே தெளிக்காதது என்றும் அர்த்தமில்லை. வேப்பங்கொட்டைக் கரைசலும் உண்டு, தாமிரக் கலவையும் உண்டு.

ஆகவே தின்கிறவனுக்கு இருக்கிற லாபம் சிறியது. அதுவும் முழுசாக உறுதிப்படாதது. 60 ரூபாய் அரிசி வாங்குகிற தாய் பிள்ளைக்கு விஷம் ஊட்டுகிறவள் அல்ல. கையில் இருக்கிற காசுக்கு கீரை, முட்டை, பயறு, மீன், மாட்டுக்கறி வாங்கி, காயை ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிச் சமைத்தால், இரண்டு மடங்கு விலை கொடுத்துப் பாதிக் காய் வாங்குவதைவிட அந்தப் பிள்ளைக்கு அது நல்லது. பக்கத்து மேசைக்காரருக்கு இதைத் தெளிவாகச் சொல்லலாம்.

இத்தோடு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் இதுவரை பேசியதெல்லாம் தின்கிறவனைப் பற்றி. இந்தக் கேள்வியே தின்கிறவனின் நாக்கிலிருந்து கேட்கப்பட்டது. தெளிக்கிறவன் உடம்பிலிருந்து கேட்டால் கேள்வி வேற மாதிரி இருக்கும்.

இப்போ சொல்லுக்கு வருகிறேன். நம்ம ஊரில் பூச்சிக்கொல்லிக்கு என்ன பெயர்? மருந்து. 'மருந்தடிக்கப் போயிருக்காரு' என்கிறோம். 'மருந்தக் குடிச்சிட்டான்' என்றால் ஒரு வீட்டில் இழவு என்று அர்த்தம். கொல்வதற்கு நாம் வைத்திருக்கிற பெயர், குணமாக்குவதன் பெயர். இந்தப் பெயர் தானாக வந்ததாக நான் நினைக்கவில்லை. விற்கிறவனுக்கும் நிலம் வைத்திருக்கிறவனுக்கும் வசதியான பெயர் இது. விஷம் என்று சொன்னால் கையுறை கேட்பான், முகமூடி கேட்பான், கூலி கூடக் கேட்பான். மருந்து என்றால் எதுவும் கேட்கமாட்டான். டப்பாவில் முக்கோணம் போட்டு நிறம் அடித்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு. அந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று தெளிப்பானை முதுகில் மாட்டுகிறவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பொடி எழுத்தில் மடித்து வைத்த தாளை யாருக்காக அச்சடித்தார்கள்?

2020இல் வந்த ஓர் ஆய்வு, உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 38 கோடியே 50 லட்சம் பேர் வேலையிலோ தவறுதலாகவோ பூச்சிக்கொல்லி நஞ்சேறிப் பாதிக்கப்படுகிறார்கள், சுமார் 11,000 பேர் சாகிறார்கள் என்று மதிப்பிட்டது. தற்கொலைகள் இந்தக் கணக்கில் இல்லை. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளிக்கப்போன விவசாயிகளும் கூலிகளும் 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கண் மங்கி, வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் இருபது வருசத்துக்கு மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அந்த விஷத்தை உச்சநீதிமன்றம் தடுத்தது 2011இல். அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் உடம்பில் அது எழுதிவிட்டுப் போய்விட்டது. தட்டுக்கு வருவது எச்சம். முழு விஷம் வயலிலேயே ஓர் உடம்புக்குள் இறங்கிவிடுகிறது. அந்த உடம்பு பெரும்பாலும் யாருடையது என்று இந்த அரங்கில் நான் சொல்லத் தேவையில்லை.

ஆக, விஷம் தெளிக்காத விவசாயத்தால் உறுதியாக லாபம் அடையவேண்டிய முதல் ஆள் அங்காடியில் பை தூக்கி வருகிறவர் இல்லை. சேற்றில் நிற்கிறவள்.

அப்படியானால் கூடுதல் விலை கொடுப்பது அவளுக்காக என்று ஆகுமா? இங்கேதான் குமாஸ்தா கணக்கு வேண்டும். இயற்கை விளைபொருளுக்கு விலை ஏன் கூடுகிறது? விளைச்சல் குறைவு. உலக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. சான்றிதழுக்குச் செலவு. கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் கொண்டுவந்து விற்கிற செலவு. எல்லாவற்றுக்கும் மேலே, கை வேலை. களைக்கொல்லி அடித்தால் ஒரு ஆள் அரை நாளில் முடிப்பதை, அடிக்காவிட்டால் பத்துப் பெண்கள் குனிந்து எடுக்கவேண்டும். அதாவது நாம் கொடுக்கிற கூடுதல் காசின் நியாயமே அந்தக் குனிந்த முதுகுதான். ஆனால் இயற்கைத் தோட்டத்தில் களையெடுக்கிறவளுக்கும் பக்கத்து வயலில் களையெடுக்கிறவளுக்கும் ஒரே கூலி. அதே தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி. பயிருக்கு என்ன போட்டார்கள், என்ன போடவில்லை என்று சான்றிதழ்க்காரர் ஏடு பார்த்து எழுதுகிறார். களையெடுத்தவளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கட்டம் கடைப் பையின் முத்திரையில் நமக்குத் தெரிவதில்லை.

சரி, நம்ம ஆளே இயற்கை விவசாயி ஆகிவிட்டால்? நிலம் வேணுமே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி செய்யும் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது நூற்றுக்கு 9க்கும் குறைவு. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கையை வைத்து 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் எங்கே போனது என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தருவீர்கள். அதைக் கேட்டதற்குத்தான் 1994இல் கரணையில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் செத்தார்கள். மண் விஷத்திலிருந்து தெளிந்து 'இயற்கை' என்று சான்று பெற இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். விளைச்சல் குறைகிற அந்த வருசங்களில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பட்டா இருக்கிறவருக்குப் பயிர்க்கடன் இருக்கிறது. வாரத்துக்கும் வாய்மொழிக் குத்தகைக்கும் உழுகிறவர் கவுண்டருக்கு வரும்போது அவர் கையில் தாளே இருக்காது. தோட்டை அடமானம் வைத்துவிட்டுப் போவார். காத்திருக்க முடிகிறதே ஒரு சொத்துதான், தோழர்களே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த அங்காடிக்குள் போனால் 'சுத்தம்', 'தூய்மை', 'சாத்வீகம்', 'பாரம்பரியம்' என்று எழுதியிருக்கிறது. இந்தச் சொற்கள் நமக்குப் புதுசா? எது சுத்தம், யார் தொட்டால் கெடும் என்று நமக்கு ரொம்ப நாளாகப் பாடம் எடுத்தவர்களின் சொற்கள் இவை. அங்கே கருவாடு கிடையாது, மாட்டுக்கறி கிடையாது. 'கூழு குடிக்கிற பய' என்று நம்மைக் கேலி செய்தார்களே, அந்தக் கேழ்வரகும் கம்பும் வரகும் மட்டும் கண்ணாடி டப்பாவில் உட்கார்ந்திருக்கின்றன. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. தானியத்துக்கு மரியாதை வந்தது. கூழ் குடித்தவனுக்கு வரவில்லை.

'நம்ம தாத்தா காலத்துல எல்லாமே இயற்கைதான்' என்கிறார்கள். உண்மைதான். அந்த இயற்கை விவசாயத்தில் எருக்குழியை வாரியது யார்? விடியலில் ஏர் பூட்டியது யார்? தஞ்சைப் பண்ணைகளில் எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்குச் சவுக்கடி கொடுத்தார்கள், சாணியைக் கரைத்துச் சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். சாணம் கலந்த பஞ்சகவ்யம் இன்றைக்குப் பாட்டிலில் விலைக்கு வருகிறது. அது பயிருக்கு நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். அந்தப் பாட்டிலைப் பார்க்கிறபோது எனக்கு வேறு ஒரு வாசனை வருகிறது. பழைய விவசாயத்தில் விஷம் இல்லை என்று சொல்லாதீர்கள். விஷம் இருந்தது. அது மண்ணில் இல்லை.

'கூடுதல்' என்ற சொல்லுக்கும் நமக்கும் பழைய பழக்கம் உண்டு. கூலியில் கூடுதல் நெல் கேட்டுச் சங்கம் வைத்ததற்காக 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். இன்றைக்கு வாங்குகிறவர் மனசாரக் கூடுதல் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அந்தக் கூடுதல் நடுவழியிலேயே நின்றுவிடுகிறது. களையெடுத்த மடிக்கு வரவில்லை.

இதனால் இயற்கை விவசாயமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நம்மாழ்வார் 2013இல் மறையும் வரை ஊர் ஊராக நடந்து சொன்னதில், விவசாயி கடைக்காரனிடம் மண்டியிடக் கூடாது என்ற பகுதி நமக்கும் வேண்டியதுதான். நமக்கு வேண்டிய இன்னொரு பகுதியை அம்பேத்கர் 1947இலேயே எழுதிக் கொடுத்தார். நிலம் அரசுடைமை ஆகவேண்டும், சாதி பார்க்காமல் கிராமத்தாருக்குப் பிரித்துவிட வேண்டும், கூட்டுப் பண்ணையாக உழவேண்டும் என்று 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் இருக்கிறது. விஷமில்லாத மண் என்பதை இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

ஆகவே தலைப்புக்கு என் பதில் இது. கையில் காசு இறுக்கமாக இருந்தால் கொடுக்காதீர்கள், வெட்கப்படவும் வேண்டாம். காசு இருந்தால், பைக்கு மேலே இருக்கிற படத்தை நம்பிக் கொடுக்காதீர்கள். யார் நிலம், களையெடுத்தது யார், கூலி எவ்வளவு என்று மூன்று கேள்வி கேளுங்கள். சிறு விவசாயி தன் விளைச்சலை நேரடியாக விற்கச் சான்றிதழ் கட்டாயமில்லை. நம்ம பெண்கள் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் மருந்தடிக்காமல் போட்ட வெண்டைக்காய்க்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தால், அந்தப் பத்து ரூபாய்க்குத் தகுதி உண்டு. 'இங்கே கூலி பற்றிச் சொல்லமாட்டோம்' என்கிற கடைக்குத் தகுதி இல்லை.

கடையில் தீர்கிற விஷயமும் இல்லை இது. சிவப்பு முக்கோண விஷங்களைத் தடை செய்யச் சொல்வது, தெளிக்கிறவனுக்குப் பாதுகாப்பும் இழப்பீடும் கேட்பது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கேட்பது, பஞ்சமி நிலத்தைக் கேட்பது, இவை தெருவில் கேட்க வேண்டியவை. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல தானியம் ரேஷன் வரிசைக்கு வரமுடியும் என்பதற்கு அது சாட்சி. அதை மருந்தில்லாமல், நல்ல கூலி கொடுத்து விளைவித்து வாங்கச் சொல்வதுதான் அடுத்த கோரிக்கை.

பூச்சிக்கொல்லியை இனி மருந்து என்று சொல்லவேண்டாம் என்று மட்டும் இங்கிருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விஷத்தை விஷம் என்றே சொல்லுங்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: இதை ஏன் நான் மட்டும் முதுகில் சுமக்கிறேன்?