குதிரைத் திறனும் சிறு காரும்



பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி எனது ஊர். எங்கள் பக்கத்தில் குதிரைத் திறன் என்ற சொல்லை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழும் உழவர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்து மோட்டார் எத்தனை எச்.பி. என்பதை அறிவார். கவலை இறைத்த காளைகள் ஓய்வு பெற்றபின் எங்கள் பேச்சில் புகுந்த சொல் அது. சிறு ஊற்றுடைய கிணற்றில் பெரிய மோட்டாரை இறக்கினால் என்ன நேரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அரை மணியில் கிணறு வற்றிவிடும். அதன்பின் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். அங்கே எல்லை வகுப்பது மோட்டார் அன்று, ஊற்று.

நடுத்தர வருவாயினரும் வாங்கத்தக்க விலையில் விற்கப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களில், ஆண்டுக்காண்டு குதிரைத் திறனைக் கூட்டிக்கொண்டே போவது தகுமா என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தகாது என்பது என் கருத்து. ஆயினும் மறுபக்கத்தாரின் வழக்கில் நியாயமே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு குதிரைத் திறன் என்பது ஏறத்தாழ 746 வாட். எங்கள் ஊருக்குத் தெற்கே பழனி மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதை சுமார் 64 கிலோமீட்டர்; ஏற்றம் ஏறத்தாழ 1800 மீட்டர். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஒன்று அத்தனை உயரத்தையும் இரண்டு மணி நேரத்தில் ஏறுவதாகக் கொள்வோம். எடையைத் தூக்குவதற்கு மட்டும் சராசரியாகத் தேவைப்படும் திறன் மூன்றே கால் குதிரைதான்! சக்கரங்களின் உராய்வையும் காற்றின் தடையையும் சேர்த்தாலும் ஐந்து ஆறுக்குள் அடங்கிவிடும். அதாவது, ஒரு தோட்டத்து மோட்டாரின் திறன் ஒரு காரைக் கொடைக்கானலுக்கு ஏற்றிவிடப் போதும்.

அப்படியானால் எண்பதும் நூறும் எதற்கு என்று கேட்பீர்கள். சராசரி வேறு, அவ்வப்போது எழும் தேவை வேறு. கொண்டையூசி வளைவில் வேகம் தளர்ந்த வண்டி மீண்டும் வேகம் பிடிக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் லாரியைச் சிறு இடைவெளியில் கடந்தாக வேண்டும். அந்தச் சில வினாடிகளில் கையிருப்புத் திறன் இல்லாவிடில் அது ஆபத்தே. ஆகவே போதிய திறன் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. போதியதற்கு மேல் சேர்ப்பதைப் பற்றியே என் பேச்சு.

நெடுஞ்சாலையின் உச்ச வேகத்தில் வண்டிக்குப் பெரும் பகைவன் காற்று. காற்றை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். இதையே திருப்பிப் பாருங்கள்: எஞ்சினின் திறனை இரட்டிப்பாக்கினால் உச்ச வேகம் கூடுவது கால் பங்கை ஒட்டியே. மற்றொரு புறம், அந்தத் திறனைத் தரையில் இறக்க வேண்டியவை டயர்கள். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவினது. அந்த உள்ளங்கைகளின் பிடிப்புக்கு மேல் எஞ்சின் தருவதெல்லாம் புகையாகவும் கிறீச்சொலியாகவும் போகும். இதுவே நம் கிணற்றின் ஊற்று.

இனி விலைக்கு வருவோம். உண்மையான இடர் இங்கேதான் இருக்கிறது. திறன் கூடினால் அகன்ற டயர் வேண்டும். அகன்ற டயருக்குப் பெரிய சக்கரம். வேகத்தை அடக்கப் பெரிய பிரேக். இவற்றைத் தாங்க வலுவான அச்சும் கியர்ப் பெட்டியும். சூட்டைத் தணிக்கப் பெரிய ரேடியேட்டர். ஒவ்வொன்றும் எடையைக் கூட்டும். கூடிய எடையை இழுக்க இன்னும் சற்றுத் திறன் தேவைப்படும். கடன் வாங்கி வட்டி கட்டுகிறவன் அவ்வட்டிக்காக மறுகடன் வாங்கும் கதைதான். முடிவில், எவருக்காக அந்தக் கார் பிறந்ததோ அந்த இளைஞன் அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறான்.

எடையைக் குறைப்பதோ எல்லாப் பக்கமும் பயன் தருவது. ஏற்றத்தில் ஏறுவதும், வளைவில் திரும்பும் துடிப்பும், பிரேக் மிதித்ததும் அடங்குவதும் அதனால் மேம்படும். கொங்கு நாட்டு ரேக்ளாப் பந்தயங்களில் 200 மீட்டர், 300 மீட்டர் தொலைவுக்குக் காளைகளைப் பூட்டி ஓட்டுகிறார்கள். அவ்வண்டியைப் பார்த்தவர்களுக்கு அதன் இலக்கணம் தெரியும். வேண்டாத ஒரு சட்டம்கூட அதில் இருப்பதில்லை. பெரிய காளையைப் பூட்டினால் போதும், வண்டி எப்படியும் இருக்கட்டும் என்று ரேக்ளாக்காரர் எவரும் எண்ணுவதில்லை.

மோட்டார் உலகிலும் இதே வழியில் நடந்து காட்டியவர் நம் கோயம்புத்தூரில் இருந்தார். எஸ். கரிவரதன் என்னும் பந்தய வீரரும் தொழில் நுட்பருமான அவர், 1988-ஆம் ஆண்டில் ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை அறிமுகம் செய்தார். அதன் எஞ்சின் எது தெரியுமா? நாடெங்கும் குடும்பங்கள் ஏறிச்சென்ற மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சின்! வீட்டுக் காரில் அது தந்தது நாற்பது குதிரைத் திறனுக்குள் அடங்கும். உதிரிப் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைத்தன. செல்வர்களின் விளையாட்டாக இருந்த மோட்டார்ப் பந்தயத்தின் வாயில் பலருக்கும் திறந்தது. 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரராக ஜோர்டான் அணியில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன், தம் இளமையில் இந்தச் சிறு எஞ்சின் வண்டிகளில் பழகியவரே. கரிவரதன் 1995-இல் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

அதே கோவையில் இன்னொரு முயற்சி நடந்தது. அங்குள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாட்டா மோட்டார்ஸும் கைகோத்து, 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. என்ற சிறு காரை வெளியிட்டன. சாதாரண டியாகோவின் 85 குதிரைத் திறன் இதில் 114 ஆயிற்று. எஞ்சினை மட்டும் மாற்றி அவர்கள் நின்றுவிடவில்லை. வில்களைத் திருத்தினர், பற்சக்கர விகிதங்களை மாற்றினர், டயர்களை அகலமாக்கினர். வெளியீட்டு விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய். இந்த அளவான உயர்வை நான் குறை சொல்ல மாட்டேன்; திறனோடு வண்டியும் சேர்ந்து வளர்ந்தது. ஆயினும் 2020-இல் அம்முயற்சி முடிவுக்கு வந்தது. அளவோடு செய்த பொருளுக்கும் ஆதரவு தேவை என்பதை எண்ணி நான் வருந்துவதுண்டு.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு இரண்டு. ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989-இல் எம்.எக்ஸ். 5 என்னும் இரு இருக்கைக் காரைக் கொண்டுவந்தது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு, எஞ்சின் 1.6 லிட்டர்தான். உலகில் மிக அதிகமாக விற்ற இரு இருக்கைத் திறந்த கார் அதுவே. தலைமுறைதோறும் பெருத்துவந்த அதனை, 2015-இல் வந்த நான்காம் தலைமுறையில் ஏறத்தாழ நூறு கிலோ இளைக்க வைத்தார்கள். மற்றொன்று 2012-இல் வந்த டொயோட்டா 86. சுமார் 200 குதிரைத் திறன் போதாது என்று வாங்கியவர்கள் ஓயாமல் முறையிட்டனர். அடுத்த தலைமுறையில் எஞ்சின் 2 லிட்டரிலிருந்து 2.4 லிட்டராயிற்று. இங்கே மறுபக்கத்தாரின் வழக்கை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்: முதல் வண்டியில் நடுவேகத்தில் இழுவிசை தொய்ந்தது மெய், புதிய எஞ்சின் அதைத் தீர்த்தது. ஆனால் தீர்த்தது எது? உச்சியில் எழுதப்பட்ட எண் அன்று. அன்றாடம் ஓட்டும் வேகத்தில் கிடைத்த இழுவிசை. விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் அச்சாவதோ அந்த உச்சி எண்தான்!

தைப்பூசக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பார்க்க வேண்டும். காவடியும் கைக்கோலுமாகப் பாதயாத்திரை செல்வோர் இரவு பகலாக ஓரத்தில் நடந்துகொண்டிருப்பர். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 120-ஐத் தொட்டால் அது சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும்; பிரேக் மிதித்து நிற்க வேண்டிய தூரமும் அவ்வாறே நான்கு மடங்கு. அந்தத் தூரத்துக்குள் யார் நடக்கிறார் என்பதை எஞ்சின் அறியாது. இளைஞர் கையில் பெருந்திறனை மலிவாகக் கொடுப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறு எஞ்சினை முழுவதும் பயன்படுத்தி, கியரைத் தேர்ந்து மாற்றி, வளைவை அளந்து ஓட்டுவதில் உள்ள இன்பம், பெரிய எஞ்சினின் கால் பங்கை மட்டும் பயன்படுத்துவதில் இல்லை.

நம் நாட்டு வரிச் சட்டம் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. 2025 செப்டம்பர் முதல், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1200 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் கொண்ட பெட்ரோல் காருக்கு 18 சதவீதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமும் சரக்கு சேவை வரி விதிக்கப்படுகிறது. நீளத்தை அளக்கிறார்கள், சிலிண்டரின் கொள்ளளவையும் அளக்கிறார்கள். எடையை அளப்பதில்லை. அந்த வரியில் எடைக்கும் ஓர் இடம் கொடுத்து, ஒரு டன்னுக்குக் கீழ்ப்பட்ட காருக்கு மேலும் சற்றுச் சலுகை காட்டினால், கோவையிலும் ஓசூரிலும் சென்னையிலும் உள்ள நம் பொறியாளர்கள் இளைப்பதற்கான வழிகளைத் தேடத் தொடங்குவார்கள்.