பின்னே அமர்ந்தவர்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். தமிழிசையைப் பற்றிப் பேசுவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கை. 'பிங்க் ஃபிளாய்ட்' என்னும் ராக் இசைக்குழுவில் பியானோவும் ஆர்கனும் வாசித்த ரிச்சர்ட் ரைட் என்பாரே அவர். என் மகனின் அறையிலிருந்து வந்த அவ்விசையை இரைச்சல் என்று பன்முறை கடிந்தவன் நான். ஒருநாள் அவனருகில் அமர்ந்து கேட்டேன். அன்று கேட்டதன் பயனே இவ்வுரை.

ரைட் 1943 ஜூலை 28 அன்று பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் கால் முறிந்து வீட்டிலிருந்த நாட்களில், கிதாரும் பியானோவும் தாமே பழகினார். பின்னர் இலண்டனில் கட்டடக்கலை பயிலச் சென்ற இடத்தில், உடன் பயின்ற ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன் இருவரும் நண்பராயினர். சிட் பாரெட்டும் சேர, 1965-இல் பிங்க் ஃபிளாய்ட் உருப்பெற்றது. 1968-இல் பாரெட் விலகினார். அதற்குச் சற்று முன்பே டேவிட் கில்மோர் வந்து சேர்ந்திருந்தார்.

ராக் இசையில் கிதாரே முன்னிற்கும். ரைட்டின் கருவிகளோ பின்னிருந்து பாட்டைத் தாங்கும். நம் கச்சேரியில் தம்புராவை யாரும் தனித்துக் கேட்பதில்லை. அது நின்றாலோ அரங்கமே வெறுமையாகிவிடும். அத்தகைய பணியே அவருடையது.

தாங்குவதோடு அவர் அமையவில்லை, படைக்கவும் செய்தார். 1969-இல் இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் திரைப்படத்திற்காக ஒரு பியானோ இசையை அமைத்தார். இயக்குநர் அதனை ஏற்கவில்லை. ரைட் அதைக் கைவிடவும் இல்லை. 1973-இல் வெளிவந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்னும் இசைத்தட்டில் அதுவே 'அஸ் அண்ட் தெம்' என்னும் பாடலாயிற்று. அவ்விசைத்தட்டு 1988 வரையில் மொத்தம் 741 வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. ஒருவர் வேண்டாவென்று ஒதுக்கியதை உலகம் விரும்பிக் கேட்டது!

இனி வருவது துயரமான பகுதி. 1979-இல் 'தி வால்' உருவாயிற்று. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே எழும் சுவரைப் பற்றியது அவ்விசைத்தட்டு. அதனை ஆக்கும்போதே குழுவினரிடையிலும் ஒரு சுவர் எழுந்தது. ரைட்டின் இல்வாழ்வு அப்போது குலைந்திருந்தது. அவர் பங்களிப்பும் குறைந்தது. விடுமுறையைச் சுருக்கிக்கொண்டு ஒலிப்பதிவுக்கு வர மறுத்தார். அவர் விலகியே ஆகவேண்டும் என்று வாட்டர்ஸ் வற்புறுத்தினார், ரைட்டும் இணங்கினார். 1980, 1981 மேடை நிகழ்ச்சிகளில், தாம் வளர்த்த குழுவிலேயே சம்பளத்திற்கு வாசித்தார். அந்நிகழ்ச்சிகள் பெரும் நட்டத்தில் முடிந்தன. நட்டம் மற்ற மூவரைச் சார்ந்தது. ஊதியம் பெற்ற ரைட்டுக்கே ஆதாயம்! ஆயினும், அந்த ஆதாயம் அவர் இழந்ததற்கு ஈடாகுமா?

1985-இல் வாட்டர்ஸ் பிரிந்தார். 1987-இல் கில்மோரும் மேசனும் தொடர்ந்தபோது ரைட் திரும்பினார். அப்போதும் ஊதியம் பெறுபவராகவே. 1994-இல் வந்த 'தி டிவிஷன் பெல்' இசைத்தட்டில் பல பாடல்களுக்கு இசையமைப்பில் பங்கேற்றார். 2005 ஜூலை 2 அன்று இலண்டன் ஹைட் பூங்காவில், 24 ஆண்டுகளுக்குப் பின் நால்வரும் ஒரே மேடையில் வாசித்தனர். 2008 செப்டம்பர் 15 அன்று ரைட் புற்றுநோயால் மறைந்தார். 1993-இல் அவர் வாசித்துப் பதிந்திருந்தவற்றைக் கொண்டு, 2014-இல் மற்ற இருவரும் 'தி எண்ட்லெஸ் ரிவர்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். குழுவிலிருந்து நீக்கப்பட்டவரின் கைவண்ணமே இறுதியில் குழுவின் குரலாயிற்று.

அன்பர்களே! பிழை ஒருவரிடம் மட்டும் இருந்ததாக நான் கருதவில்லை. முன்னிற்பவர் பின்னிருப்பவரின் மனத்தைக் கேட்டறியவில்லை. பின்னிருந்தவரும் தம் மனத்தைத் திறந்து சொல்லவில்லை. நம் இல்லங்களிலும் இச்சங்கத்திலும் இத்தகையோர் உண்டு. இன்று திரைக்குப் பின்னே சுருதிப்பெட்டியோடு அமர்ந்திருப்பவர் யார்? விடியற்காலையிலிருந்து அடுக்களையில் நிற்பவர் யார்? அவர்கள் இல்லாத நாளில்தான் அவர்களை நாம் அறிய வேண்டுமா? இவ்விழா முடிந்து வீடு திரும்புமுன் அவர்களிடம் ஒரு சொல் பேசிச் செல்லுங்கள்.

என் மகனிடம் நான் பேசத் தொடங்கிவிட்டேன்.