மூன்று வாரம் பால் இல்லாமல்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பில் வசிக்கும் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதங்களில் உங்களில் சிலர் வீட்டுக் காப்பியை நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சிலருக்கு வருத்தமாகக்கூட இருந்திருக்கும். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

இரண்டு வருடமாக எனக்கு வயிறு உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு. மற்ற பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. செங்கல்பட்டில் நான் பார்க்கும் மருத்துவர், "மூன்று வாரம் பால் சேர்ந்த எதுவும் வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்போம்" என்றார்.

முதல் முறை நான் கோட்டை விட்டேன். பால், தயிர், மோர் எல்லாம் நிறுத்தினேன், தொந்தரவு நிற்கவில்லை. பால் காரணமில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, காப்பிக்குப் பதிலாக வெந்நீரில் கலந்து குடித்த சத்து பானத்திலேயே பால் பவுடர் இருந்தது. டப்பாவின் பின்பக்கம் 'மில்க் சாலிட்ஸ்' என்று போட்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

இரண்டாம் முறை எல்லா லேபிளையும் படித்தேன். பால் சேர்ந்திருந்தால் அதைப் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. மில்க் சாலிட்ஸ், வே, கேசின், லாக்டோஸ் எல்லாமே பால்தான். பிஸ்கட், பிரெட், சாக்லேட்டில் பார்க்கலாம். லேபிள் இல்லாத இடங்களில் இன்னும் கவனம் வேண்டும்: மோர் மிளகாய், மோர் ஊற்றிய கூழ், தயிரில் ஊறிய பிரியாணிக் கறி, வெண்பொங்கல் நெய்.

சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இட்லி, சாம்பார், தேங்காய்ப்பால் குழம்பு, வரக்காப்பி, சுக்குக் காப்பி என்று நிறைய இருக்கிறது. சுண்ணாம்புச் சத்துதான் யோசிக்க வேண்டியது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 200 மில்லி பசும்பாலில் கிடைப்பது சுமார் 240. 100 கிராம் கேழ்வரகில் 350 வரை இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலியும் கைகொடுக்கும்.

இரண்டாம் வாரமே வயிறு அமைதியானது. ஆனால் பாதி சோதனைதான் முடிந்திருந்தது. பலர் இங்கேயே நிறுத்தி, ஆயுசுக்கும் பாலை விட்டுவிடுகிறார்கள். திரும்பச் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். எனக்குத் தயிர் ஒத்துக்கொண்டது; ஒரு டம்ளர் பால் குடித்ததும் உப்புசம் திரும்ப வந்தது. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்கவில்லை என்றார் மருத்துவர். தயிரில் அது குறைவு. ஆக, என் தயிர் சாதம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. பால் பட்டதும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வருபவர்களுக்கு இருப்பது பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அவர்கள் வீட்டில் இப்படிச் சேர்த்துப் பார்க்கவே கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள் விஷயத்திலும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். நம் பொங்கல் விழாவில் ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் 'பால் உண்டு', 'பால் இல்லை' என்று ஒரு சீட்டு வைப்போம். யாராவது வேண்டாம் என்றால், "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். அந்த ஒரு வாய், மூன்று வாரச் சோதனையைக் கெடுத்துவிடும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வரக்காப்பி போடுங்கள்.