பாக்டீரியாவில் விளையும் புரதங்கள்

மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் சேர்த்துவிட்டாலே அதற்குரிய புரதம் கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பு, 1977இல் கலிபோர்னியாவில் நடந்த முன்னோடி ஆய்விலேயே பொய்த்துப் போயிற்று. இட்டாகுரா, ரிக்ஸ், போயர் ஆகியோர் அடங்கிய குழு, புரதத்தின் அலகுகளாகிய அமினோ அமிலங்கள் 14 மட்டுமே கொண்ட சோமாட்டோஸ்டேட்டின் என்னும் ஹார்மோனுக்கான மரபணுவை வேதிமுறையில் உருவாக்கி, மனிதக் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் புகுத்தியபோது, ஹார்மோன் தென்படவே இல்லை. புரதங்களைச் சிதைக்கும் பாக்டீரியாவின் நொதிகள் அந்தச் சிறு சங்கிலியை உருவானவுடனேயே அழித்துவிடுகின்றன என்று கருதிய குழு, பீட்டா காலக்டோசிடேஸ் என்னும் பாக்டீரியாவின் சொந்தப் பெரும்புரதத்தின் முனையில் ஹார்மோனை இணைத்து, இரண்டுக்கும் நடுவே மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தை வைத்தது. மெத்தியோனின் உள்ள இடத்தில் சங்கிலியைத் துண்டிக்கும் சயனோஜன் புரோமைடு, மெத்தியோனினே இல்லாத அந்த ஹார்மோனைச் சேதமின்றிப் பிரித்துத் தந்தது. அறிவும் பொறுமையும் இணைந்த அரிய தீர்வு அது. மறுஆண்டே இன்சுலினின் இரு சங்கிலிகளும் இவ்வழியில் கிடைத்தன. அதுவரை பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டுவந்த இன்சுலின், 1982இல் பாக்டீரியாவில் விளைந்த மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உற்பத்தியைப் பெருக்கும் முயற்சியில் 1986இல் ஸ்டூடியரும் மொஃபாட்டும் அமைத்த முறை பெருந்திருப்பமாகும். டி7 என்னும் வைரஸின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ், அதாவது மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதி, பாக்டீரியாவின் சொந்த நொதியைவிடச் சுமார் 5 மடங்கு வேகமாக இயங்குவதால், அதன் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்ட மரபணு ஒன்றே உயிரணுவின் உழைப்பில் பெரும்பகுதியை ஈர்த்துக்கொள்கிறது. ஆயினும் இந்த வேகமே இடையூறாகவும் மாறுகிறது. புரதச் சங்கிலி தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் பயன்படும். மடிய அவகாசமின்றிக் குவியும் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி, செயலற்ற திரள்களாக உறைகின்றன. வளர்ப்பு வெப்பநிலையை 37 டிகிரி செல்சியஸிலிருந்து 20 டிகிரி அளவுக்குக் குறைத்தால், உற்பத்தி மெதுவாகி, சரியாக மடியும் பங்கு பல புரதங்களில் கூடுகிறது. ஆகவே மொத்த அளவை மட்டும் பார்த்து விளைச்சலை மதிப்பிடுவது தவறு.

இதற்கு மாறான வழியும் உண்டு. திரண்ட புரதத்தைச் சிதைப்பு நொதிகள் எளிதில் தாக்க முடியாது என்பதாலும், சுழற்றியே அதைப் பிரித்துவிடலாம் என்பதாலும், இன்சுலின் தயாரிப்பில் இன்சுலினின் முன்வடிவப் புரதத்தைத் திரளவே விட்டு, பின்னர் கரைத்து, முறையாக மடியச் செய்து, மிகையான பகுதியை நொதியால் நீக்கி மருந்தாக்குகிறார்கள்.