அயல் வீட்டு வாசலில் ஓர் அறிவித்தற் பலகை

(நகரசபையின் தமிழ்க் குடியிருப்பாளர் தகவல் மாலையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒன்ராறியோவின் சிறு நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. அயலில் உள்ள வீட்டின் முன் புற்றரையில் ஒரு பலகை நாட்டப்படுகிறது. அதே வாரத்தில் நகரசபையிலிருந்து ஒரு கடிதமும் வந்து சேருகிறது. அதில் கோவை இலக்கங்களும் சட்டப் பிரிவுகளும் ஒரு சிறிய வரைபடமும் காணப்படும். வரிக் கடிதம் அன்று என்று தெரிந்தவுடன் வீட்டார் அதை மேசையின் ஓரத்தில் வைத்துவிடுகின்றனர். சில மாதங்களின் பின், மரம் தறிக்கப்பட்டு அத்திவாரம் தோண்டப்படும் வேளையில், “இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே” என்ற மனக்குறை எழுகிறது. மேசை ஓரத்தில் கிடக்கும் கடிதம் சொல்ல வந்தது அதைத்தான்.

முன்னர் இவ்வாறு தவறவிட்டவர்களுக்கும் ஓரளவு ஆறுதல் இருந்தது. தீர்மானத்தில் உடன்பாடில்லாத அயலவர் மாகாணத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம் என்ற நிலை நீண்ட காலம் நிலவியது. ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயம் என்ற பெயரில் 2021 யூன் முதலாந் திகதியிலிருந்து இயங்குவது அத்தகைய அமைப்பே. ஆயினும் 2022 நவெம்பர் 28 இல் நிறைவேறிய 23 ஆம் இலக்கச் சட்டமூலம், சிறு விலக்குகள், காணிப் பிரிப்புகள் ஆகியவை தொடர்பான தீர்மானங்களுக்கு எதிராக அயலவர் மேன்முறையீடு செய்யும் உரிமையை நீக்கியது. 2024 யூன் 6 இல் நிறைவேறிய 185 ஆம் இலக்கச் சட்டமூலம் இக்கட்டுப்பாட்டை வலய உபவிதி மாற்றங்களுக்கும் நகரின் அதிகாரபூர்வத் திட்ட மாற்றங்களுக்கும் விரித்தது. விண்ணப்பதாரர், அரச அமைப்புகள், சட்டம் பெயர் குறிப்பிடும் சில பயன்பாட்டு நிறுவனங்கள் ஆகியோர் இன்றும் மேன்முறையீடு செய்யலாம். உபவிதி மாற்றம் தம்முடைய காணியையே உள்ளடக்குமாயின், அதன் உரிமையாளரும், தீர்மானத்துக்கு முன்னர் தம் கருத்தைத் தெரிவித்திருந்தால், செய்யலாம். பக்கத்து வீட்டார் என்ற தகுதி மட்டும் போதாது.

இதன் பொருள் மிகவும் எளியது. அயலவர் ஒருவருக்கு, நகரசபை மண்டபத்தில் நடைபெறும் அந்த ஓர் அமர்வே பேசுவதற்கான முதற் சந்தர்ப்பமும் இறுதிச் சந்தர்ப்பமும் ஆகிவிட்டது. ஆகவே அந்தக் கடிதத்தை வாசிக்கத் தெரிந்திருப்பதும், அமர்வில் எதைப் பேசினால் பயன் உண்டு என்பதை அறிந்திருப்பதும் முன்னெப்போதையும் விட இன்று அவசியமாகின்றன.

ஒரு காணியில் என்ன செய்யலாம் என்பதை இரண்டு ஆவணங்கள் நிர்ணயிக்கின்றன. முதலாவது, நகரின் அதிகாரபூர்வத் திட்டம். நகரம் எத்திசையில் வளர வேண்டும், எங்கே வீடுகள், எங்கே கடைகள், எங்கே தொழிலகங்கள், எந்த ஓடைக்கரை கட்டடமின்றி விடப்பட வேண்டும் என்பவற்றை அது பரந்த நோக்கில் கூறும். இரண்டாவது, வலய உபவிதி. அதிகாரபூர்வத் திட்டத்தின் நோக்கத்தைக் காணிக்குக் காணி அளவுகளாக மாற்றுவது இதுவே. கட்டடத்தின் உயரம், வேலியிலிருந்து சுவர் விலகியிருக்க வேண்டிய தூரம், காணியில் கட்டடம் பரவக்கூடிய அளவு, வாகனத் தரிப்பிடங்களின் எண்ணிக்கை, அனுமதிக்கப்பட்ட பாவனைகள் ஆகியன அதில் அடங்கும்.

உரிமையாளர் ஒருவரின் எண்ணம் இந்த உபவிதிக்கு முழுவதும் இணங்கியிருந்தால், அயலவரிடம் கேட்க வேண்டிய தேவை சட்டத்தில் இல்லை. கட்டட அனுமதிப்பத்திரம் பெற்றால் போதும். நிலக்கீழ்த்தள வீடுகள் பற்றிய பல சச்சரவுகள் இதை அறியாமையாலேயே எழுகின்றன. நகரசபையின் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் இணைக்கப்பட்ட நகர்ப்புற வதிவிடக் காணி ஒன்றில் மூன்று குடியிருப்பு அலகுகள் வரை அமைவதை எந்த உபவிதியும் தடை செய்ய முடியாது என்று 23 ஆம் இலக்கச் சட்டமூலம் விதித்தது. மூன்றும் பிரதான வீட்டினுள்ளேயே இருக்கலாம். அல்லது இரண்டு வீட்டிலும் ஒன்று பின்வளவிலுள்ள துணைக் கட்டடத்திலும் இருக்கலாம். அத்தகைய அலகு ஒன்றுக்கு ஒரு வாகனத் தரிப்பிடத்துக்கு மேல் நகரசபை கட்டாயப்படுத்தவும் இயலாது. எனவே பக்கத்து வீட்டில் நிலக்கீழ்த்தளம் வாடகைக்கு விடப்படுகிறது என்பதை மட்டும் வைத்து முறைப்பாடு செய்பவருக்குப் பதில் ஒன்றும் கிடைக்காமற் போகலாம்.

ஆயினும் வலய விதி இடம் கொடுப்பது வேறு. கட்டட விதியும் தீப் பாதுகாப்பு விதியும் கேட்பது வேறு. அலகுகளுக்கிடையே தீத்தடுப்புப் பிரிப்பு, புகை எச்சரிக்கைக் கருவிகள், ஆபத்தில் வெளியேறத்தக்க வழி ஆகியன இன்றி, அனுமதிப்பத்திரமும் பெறாமல் அமைக்கப்படும் நிலக்கீழ்த்தளத்தில் உறங்குபவர் பெரும்பாலும் புதிதாக நாட்டுக்கு வந்த ஒரு மாணவரோ இளங் குடும்பமோ ஆவர். அனுமதிப்பத்திரத்துக்கான செலவை மீதப்படுத்தும் உரிமையாளர் பணயம் வைப்பது அவர்களுடைய உயிரை.

உபவிதியின் அளவுகளிலிருந்து சிறிது விலக விரும்பும் உரிமையாளர், ‘கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட்’ எனப்படும் சீராக்கற் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நகரசபை நியமிக்கும் இக்குழுவில் குறைந்தது மூவர் இருப்பர். காணியின் பாவனையையே மாற்றுவது போன்ற பெரிய மாற்றமாயின், வலய உபவிதியைத் திருத்தும்படி நகரசபையிடமே கேட்க வேண்டும். முதலாவதற்கு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர், அக்காணியிலிருந்து 60 மீற்றருக்குள் உள்ள காணி உரிமையாளர்களுக்கு அறிவித்தல் செல்ல வேண்டும். இரண்டாவதற்கு, பொதுக் கூட்டத்துக்குக் குறைந்தது 20 நாட்களுக்கு முன்னர், 120 மீற்றருக்குள் உள்ளவர்களுக்குச் செல்ல வேண்டும். இவ்வாறு அஞ்சல் செய்து பலகை நாட்டுவதற்குப் பதிலாகப் பத்திரிகையில் வெளியிடவும் விதிகள் இடமளிக்கின்றன.

கடிதம் உரிமையாளரின் பெயருக்கே செல்லும் என்பது கவனிக்கத்தக்கது. வாடகைக்கு இருப்பவருக்கு அது நேரே வராது. 7 அல்லது அதற்கு மேற்பட்ட வதிவிட அலகுகளைக் கொண்ட கட்டடமாயின், எல்லாரும் காணும் இடத்தில் அதை ஒட்டும்படி உரிமையாளர் கேட்கப்படுகிறார். சிறிய வீடுகளில் அந்த ஏற்பாடும் இல்லை. எனினும் பேசும் உரிமை உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. அத்தெருவில் வாடகைக்கு வாழ்பவரும் குழுவின் முன் தம் கருத்தைக் கூறலாம். வாடகை வீட்டிலுள்ளோர் பலகையை நின்று வாசிக்கும் பழக்கம் கொள்வது நன்று.

சீராக்கற் குழு நான்கு கேள்விகளைக் கேட்டே முடிவு செய்கிறது. கேட்கப்படும் விலக்கு சிறியதா? அந்தக் காணியின் பொருத்தமான பாவனைக்கு அது விரும்பத்தக்கதா? வலய உபவிதியின் பொது நோக்கம் காக்கப்படுகிறதா? அதிகாரபூர்வத் திட்டத்தின் பொது நோக்கம் காக்கப்படுகிறதா? நான்கிற்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் மட்டுமே விலக்கு அளிக்கலாம். முதலாவது கேள்வியில் வரும் ‘சிறியது’ என்பது அளவுநாடாவை மட்டும் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. அயலில் அதனால் விளையும் பாதிப்பும் பார்க்கப்படுகிறது.

இதை விளக்க ஒரு கற்பனை உதாரணம் போதும். பின்வளவில் 7.5 மீற்றர் வெளி விட வேண்டிய காணி ஒன்றில், முதிய பெற்றோருக்காக ஓர் அறை சேர்க்க விரும்பும் குடும்பம் 6 மீற்றர் மட்டும் விட அனுமதி கேட்கிறது எனக் கொள்ளலாம். அயலவர் இருவர் எதிர்த்து எழுதுகின்றனர். முதலாமவர், “அந்த வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் அதிகம், இத்தெரு முன்பு இப்படி இருந்ததில்லை” என்கிறார். இரண்டாமவர், “புதிய கூரையின் நீர் வடியும் பக்கம் எங்கள் வேலியோரம் தாழ்ந்துள்ளது, வசந்த காலத்தில் பனி உருகும்போது ஏற்கெனவே அங்கு நீர் தேங்குகிறது, மேல்மாடி யன்னலும் எங்கள் படுக்கையறைக்கு நேரே வருகிறது” என்று எழுதிப் படம் ஒன்றையும் இணைக்கிறார். முதலாவது கடிதத்தைக் கொண்டு குழு செய்யத்தக்கது ஒன்றுமில்லை. இரண்டாவது கடிதமோ நான்கு கேள்விகளையும் நேரே தொடுகிறது. குழு விண்ணப்பத்தை மறுக்கலாம். அல்லது நீர் வடிகாலையும் யன்னலையும் குறித்து நிபந்தனைகள் விதித்து அனுமதிக்கலாம். நிபந்தனை விதிக்கும் அதிகாரம் சட்டத்திலேயே குழுவுக்கு உண்டு. அப்படி முடியுமாயின், முதியோருக்கு அறையும் கிடைக்கும். அயலவரின் நிலத்தில் நீரும் தேங்காது.

முதலாவது கடிதம் ஏன் பயனற்றது என்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நீதிமன்ற வரலாறு உண்டு. அந்நாளில் தனி நகராட்சியாக இருந்த நோர்த் யோர்க்கின் உபவிதி, வீடொன்றில் ஒரு குடும்பமே வாழலாம் என்று கூறி, உறவினரல்லாதோர் சேர்ந்து வாழ்வதைக் கட்டுப்படுத்தியது. பெல் என்பவரின் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் 1979 இல் அவ்விதியைச் செல்லாததாக்கியது. நிலத்தின் பாவனையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், அதில் யார் யாருடன் வாழலாம் என்று வகுக்கும் அதிகாரம் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இன்று ஒன்ராறியோவின் திட்டமிடற் சட்டமும், உறவினர் என்றும் உறவினரல்லாதார் என்றும் வேறுபடுத்தும் வலய உபவிதிகளை இயற்ற நகரசபைகளுக்கு அதிகாரமில்லை என்று வெளிப்படையாகக் கூறுகிறது.

மூன்று தலைமுறையினர் ஒரு கூரையின் கீழ் வாழும் தமிழ் வீடுகளுக்கு இது பெரும் பாதுகாப்பு. அதே பாதுகாப்பு, அடுத்த வீட்டில் ஒன்றாக வாழும் வேற்று மொழி மாணவர்களுக்கும், தெரு முனையில் அமையவிருக்கும் மாற்றுத்திறனாளர் இல்லத்துக்கும் உரியது. ஒரு காலத்தில் தமக்கு எதிராகச் சொல்லப்பட்ட சொற்களைத் தமிழர் பிறருக்கு எதிராக அந்த ஒலிவாங்கியில் சொல்ல நேர்ந்தால், அது சட்டத்தின் முன் எடுபடாது என்பதோடு, அவமானமும் ஆகும்.

வணிகம் தொடங்குவோருக்கும் ஒரு சொல் உரியது. தையற்கடை, வகுப்பறை, உணவு தயாரிக்கும் சமையற்கூடம், வழிபாட்டிடம் என எதற்காயினும், குத்தகைப் பத்திரத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னர், அப்பாவனை அம்முகவரியில் அனுமதிக்கப்பட்டதா என்று நகரசபையின் திட்டமிடற் பிரிவில் கேட்டறிதல் வேண்டும். முன்பு அங்கே அதே தொழில் நடந்தது என்பது எப்போதும் போதுமான விடையன்று. உபவிதி இயற்றப்பட்ட நாளில் சட்டப்படி நடைபெற்றுவந்த பாவனை, பின்னர் விதி மாறினாலும் தொடரலாம். ஆனால் அது இடைவிடாது தொடர்ந்திருத்தல் வேண்டும். மூடிக் கிடந்த கடையை நம்பிச் சேமிப்பு முழுவதையும் இட்டவர், பின்னர் வலய மாற்றத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க நேரிடும். காத்திருக்கும் மாதங்களுக்கும் வாடகை கட்ட வேண்டும்.

அமர்வில் பேசத் தயங்குவோர் எழுத்தில் அனுப்பலாம். எளிய ஆங்கிலத்தில் எழுதிய நான்கு வரிகளும் போதும். பெயரும் முகவரியும் கோவை இலக்கமும் அதில் இருத்தல் வேண்டும். அக்கடிதம் பொதுப் பதிவேட்டில் சேரும் என்பதையும், விண்ணப்பதாரர் அதை வாசிப்பார் என்பதையும் எழுதுபவர் மனத்திற் கொள்ளல் நன்று. தீர்மானம் தமக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று விரும்புவோர் அதையும் எழுத்தில் கோருதல் வேண்டும். கிடைத்த கருத்துகள் தீர்மானத்தில் எத்தகைய விளைவை ஏற்படுத்தின என்பதைச் சுருக்கமாக விளக்குவது சட்டப்படி கடமையாகும். ஆகவே ஒருவர் அனுப்பிய காரணம் எவ்வாறு கருதப்பட்டது என்பதை அறிவித்தலில் தேடிப் பார்க்கலாம்.

விண்ணப்பிக்கும் வீட்டாரும் ஒன்றை நினைவிற் கொள்ளலாம். அயலவர் நகரசபையின் கடிதத்தில் முதன்முதலாக அறிவதை விட, வரைபடத்துடன் வாசலுக்கு வந்த அண்டை வீட்டாரின் வாயால் அறிவதையே விரும்புவர். யன்னலை இடம் மாற்றுவதும் மரமொன்றைக் காப்பதும் வரைபடத்தில் இருக்கும்போது எளிது. சுவர் எழுந்தபின் கடினம்.

அடுத்த முறை அத்தகைய கடிதம் வரும்போது மூன்றைத் தேடினால் போதும்: எந்த முகவரி, கேட்கப்படுவது என்ன, கருத்துத் தெரிவிக்க இறுதி நாள் எது. பாதிப்பு ஒன்றுமில்லை எனத் தெரிந்தால் கடிதத்தை மனநிறைவுடன் எடுத்து வைக்கலாம். இருக்குமாயின், அந்தத் திகதியைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் அன்றே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அதற்குப் பின் வரும் நாட்களில் அயலவரின் குரலுக்கு வேறு மேடை இல்லை.